அன்னாரின் பகிடி: குரோய்டன் செத்தவீடுகளை முன்வைத்து ஒரு சிற்றாய்வு

ஆய்வுச் சுருக்கம்

கலகலப்பாக வாழ்ந்த ஒரு குடும்பஸ்தர் காலமானால் அவருடைய கலகலப்பு எங்கே போகிறது? இந்த ஆய்வு எடுத்துக்கொள்ளும் வினா இது ஒன்றுதான். ஆன்மா போகும் வழி பற்றிச் சைவ சித்தாந்திகள் வேண்டிய அளவு எழுதி வைத்திருக்கிறார்கள். உடல் போகும் வழியை மிச்சம் றோட்டில் உள்ள குரோய்டன் தகனசாலை பார்த்துக்கொள்கிறது. வீடு யாருக்குப் போகும் என்பதைச் சட்டத்தரணி பார்த்துக்கொள்வார். பகிடிக்கு மட்டும் பொறுப்பாளர் கிடையாது. ஆள் போனதோடு அதுவும் போய்விட்டது என்பது பொது நம்பிக்கை. அப்படி அல்ல, அது கார் நிறுத்துமிடத்துக்கு இடம்பெயர்கிறது என்று நிறுவ இக்கட்டுரை முயல்கிறது.

களமும் கருவியும்

குரோய்டனைத் தேர்ந்தெடுத்ததற்கு வலுவான கல்விக் காரணங்கள் உண்டு. ஆய்வாளர் அங்கே குடியிருப்பது அவற்றுள் ஒன்று. இந்த ஊர் பழையது. சறே ஸ்ட்ரீட் சந்தைக்கு 1276இலேயே உரிமைப் பத்திரம் கிடைத்திருக்கிறது. இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் லண்டனின் முதன்மை விமான நிலையம் இங்கேதான் இருந்தது. 1930இல் ஏமி ஜோன்சன் தன்னந்தனியாக ஆஸ்திரேலியாவுக்குப் பறந்தது இங்கிருந்துதான். 1959இல் அதை மூடிவிட்டார்கள். ஆகவே எங்கள் ஆட்கள் குரோய்டனில் வந்து இறங்கவில்லை. ஆனால் வேறு எங்கே இறங்கினாலும் அவர்களுடைய கோப்புகள் குரோய்டனுக்கு வந்து சேர்ந்தன.

காரணம் லூனா ஹவுஸ். மனிதன் சந்திரனில் கால் வைத்த உற்சாகத்தில் பெயர் சூட்டப்பட்டு, 1970இல் வெலஸ்லி றோட்டில் எழுந்த குடிவரவு அலுவலகம் அது. 1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையில் இருந்து வந்தவர்களில் கணிசமானோர் அதன் வாசலில் விடிய முன்னர் வரிசையில் நின்றவர்கள். சந்திரனுக்குப் போய் வருவதைவிட இதற்குள்ளே போய் முத்திரையோடு வெளியே வருவது கஷ்டம் என்ற பகிடி அந்த வரிசையில்தான் பிறந்திருக்க வேண்டும். அதைத் தானே முதலில் சொன்னதாக உரிமை கோருவோர் இன்றும் நோர்பரி முதல் பேர்லி வரை வாழ்கிறார்கள். அவர்களில் ஒருவர் காலமாகும்போது இந்த ஆய்வு தொடங்குகிறது.

அவரை இங்கே 'அன்னார்' என்று குறிப்போம். அன்னார் தனி ஒருவர் அல்லர். பலரைச் சேர்த்துப் பிசைந்த ஒரு மாதிரி. இளமையில் பெற்றோல் செட்டில் இரவு வேலை, பிறகு லண்டன் றோட்டில் சொந்தக் கடை. கல்யாண வீட்டில் பைலா தொடங்கினால் முதல் ஆளாக எழும்புவார், முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகும். தமிழ்ப் பள்ளி விளையாட்டுப் போட்டியில் மைக்கை எடுத்தால் கொடுக்கமாட்டார். பிள்ளைகளின் பரீட்சை முடிவுகளை எல்லாம் "பாஸ்தானே?" என்ற ஒரே கேள்வியோடு முடித்துக்கொள்வார். கோடையில் பின்வளவில் கூழ் காய்ச்சுவார். அதற்கு வோல்தம்ஸ்ரோவில் இருந்துகூட ஆட்கள் வருவார்கள்.

ஆய்வு முறை, தேத்தண்ணிக் கோப்பையோடு ஓரமாக நின்று கேட்டல். அளவை முறையும் திட்டமிடப்பட்டிருந்தது. ஆனால் எண்ணிக்கொண்டிருந்த உதவியாளர் இடையில் சிரித்துவிட்டதால் அது கைவிடப்பட்டது.

மரண அறிவித்தலின் இலக்கணம்

முதற் சான்றாவணம் மரண அறிவித்தல். இலங்கை வானொலியில் தணிந்த குரலில் வாசிக்கப்பட்டு, வீரகேசரியிலும் உதயனிலும் பெட்டி கட்டி அச்சாகி, இன்று கைத்தொலைபேசியில் மெழுகுதிரி ஆடும் படத்தோடு வந்து சேரும் அதே வாக்கியம். ஊடகம் இரண்டு முறை மாறியும் வாக்கியம் மாறவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு கிராமத்தைப் பிறப்பிடமாகவும் குரோய்டனை வதிவிடமாகவும் கொண்டவர் இறைபதம் எய்தினார். அன்னார், காலஞ்சென்ற இன்னார் தம்பதிகளின் அன்பு மகனும், இன்னார் தம்பதிகளின் அன்பு மருமகனும், இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும், பெரியப்பாவும், சித்தப்பாவும், மைத்துனரும், சகலனும், சம்பந்தியும், பேரனும் ஆவார்.

இந்த வாக்கியத்தைப் பிரித்துப் பார்த்தால் வியப்பான ஒரு முடிவு கிடைக்கிறது. இதில் உள்ள வினைமுற்றுகள் இரண்டே இரண்டு: எய்தினார், ஆவார். எழுபது சொச்சம் வருடம் ஓடி, ஆடி, கடன் வாங்கி, கடன் கொடுத்து, சண்டை பிடித்து, சமாதானமாகி, பாடி, பாடாமல் விடச் சொல்லியும் பாடிய மனிதருக்கு ஒதுக்கப்பட்ட வினைகள் இவைதான். எஞ்சியவை அனைத்தும் பெயர்ச்சொற்களும் உம்மைகளும். பெயரடைகளும் முன்பே அளந்து வைக்கப்பட்டவை. மகன் என்றால் அன்பு, தந்தை என்றால் பாசமிகு. அடுத்த பெட்டியில் இருப்பவர் வாழ்நாளில் ஒரு தடவையும் சிரிக்காத மனிதராக இருக்கலாம். அவருக்கும் அதே அன்பு, அதே பாசம், அதே கிராம் அளவில்.

புகைப்படம் நிலைமையை இன்னும் சிக்கலாக்குகிறது. அன்னார் படங்களில் வாயை மூடியதில்லை. அறிவித்தலுக்கு மூடிய வாய் தேவை. எனவே குடும்பம் ஆல்பங்களைக் கிளறி, யாரோ ஒருவரின் ஐம்பதாவது பிறந்தநாளில் எடுத்த படத்தைக் கண்டுபிடித்து, கழுத்துக்கு ஒரு ரையும் தோளுக்கு ஒரு கோட்டும் கணினியில் போட்டு, கையில் இருந்த கிளாசை வெட்டி எடுத்துவிடுகிறது. கிளாஸ் போனாலும் கை அதே இடத்தில் நிற்கிறது. ஏதோ ஆசீர்வதிப்பது போல இருக்கும். அறியாதவர்கள் அன்னாரைப் பெரிய பக்திமான் என்று எண்ணுவது இப்படித்தான்.

இரண்டாவது ஆவணம் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் கையில் தரப்படும் நினைவு மலர். எங்கள் ஊரில் முன்பு இதைக் கல்வெட்டு என்பார்கள், கல்லும் இல்லை வெட்டும் இல்லை என்றாலும். 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் இவற்றையும் தேடித் தேடிச் சேர்த்து வைத்திருக்கிறது. எழுதப்போகும் சமூக வரலாற்றாசிரியர் அதன் காலில் விழ வேண்டியிருக்கும். மலரின் முதற்பக்கங்களில் திதி வெண்பா வரும்: ஆண்டின் பெயர், மாதம், பட்சம், திதி, ஆளின் பெயர் எல்லாம் நான்கு அடிக்குள். வருடாவருடம் திவசம் செய்யச் சந்திரனின் கணக்கு வேண்டும் என்பதால் வந்த ஏற்பாடு. லூனா ஹவுசில் உள்ளே வந்த மனிதரின் வெளியேற்றத்தையும் சந்திரனே பதிவு செய்கிறான் என்பதை ஆய்வாளர் மிகுந்த நிறைவோடு இங்கே குறிப்பிடுகிறார். வெண்பாவில் தளை தட்டலாம், திதி தட்டக்கூடாது. பகிடிக்கு அங்கேயும் இடமில்லை. அதன் பின் தேவாரம், திருவாசகம், மனைவி புலம்பல், மக்கள் புலம்பல். பல மலர்களில் புலம்புகிறவர்கள் எல்லாரும் ஒரே புலவரின் குரலில் புலம்புவதால், அவருடைய யாப்பைத்தான் நாம் அறிய முடிகிறது.

ஒரு முன்னோடி

தமிழில் எப்போதும் இப்படித்தான் என்று சொல்லப்போகிறவர்கள் புறநானூற்றின் 235ஆம் பாட்டை எடுத்துப் பார்க்கட்டும். அதியமான் போரில் இறந்துவிட்டான். ஔவையார் அவனை நினைத்துப் பாடுகிறார். அவன் யாருடைய மகன், யாருடைய மருமகன் என்ற பேச்சே இல்லை. எத்தனை கோட்டை பிடித்தான் என்றும் இல்லை. அவர் முதலில் எடுப்பது கள்ளை. கொஞ்சம் கிடைத்தால் எங்களுக்குத் தந்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடப் பாடத் தானும் குடித்து மகிழ்வான் என்று தொடங்குகிறார். பிறகு சோறு, பிறகு அவருடைய தலையைத் தடவிக்கொடுத்த அவன் கை. அவன் மார்பைத் துளைத்த வேல் அங்கே நிற்காமல் பாணர்களின் பாத்திரத்தையும் இரப்பவர்களின் கைகளையும் துளைத்துக்கொண்டு போனது என்று சொல்லும்போதுதான், இவ்வளவு நேரமும் அவர் அழுதுகொண்டிருந்தது நமக்குத் தெரிகிறது.

கவனியுங்கள்: ஒரு பெரிய மனிதனை நினைக்கும்போது அவர் கிளாசை வெட்டி எடுக்கவில்லை.

குளிரறையும் இலக்கியமும்

யாழ்ப்பாணத்தில் இன்று செத்தால் நாளை எரித்துவிடுவார்கள். யாருக்கும் யோசிக்க நேரமில்லை. இங்கிலாந்தில் மரணத்தை ஐந்து நாளுக்குள் பதிய வேண்டும், அதற்கு முன் வைத்தியர் தாள் வர வேண்டும், தகனசாலையில் நேரம் கிடைக்க வேண்டும், ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகனுக்கு லீவு கிடைக்க வேண்டும். எட்டுச்செலவு வந்துவிடும், உடல் வெளியே வந்திராது. இந்த இடைவெளியில்தான் புலம்பெயர் தமிழரின் புதிய இலக்கிய வகையான நினைவுரை தோன்றியது என்பது ஆய்வாளரின் கருத்து. குளிரறை இல்லாவிட்டால் அது பிறந்தே இராது. அன்னார் அங்கே காத்திருக்க, இங்கே வரவேற்பறையில் நாலு பேர் மடிக்கணினியைச் சுற்றி இருந்து அவரைத் திருத்தி எழுதுகிறார்கள்.

தகனசாலை தருவது முக்கால் மணித்தியாலம் அளவில். அதற்குள் தேவாரம், வாய்க்கரிசி, பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்தல் எல்லாம் கூரையில் உள்ள புகையறி கருவியின் மேற்பார்வையில் நடக்க வேண்டும். கிரியையில் அன்னாருக்கு உகந்த கட்டம் ஒன்று உண்டு. உரலில் சுண்ணம் இடித்துத் திருப்பொற்சுண்ணம் பாடுவார்கள். மாணிக்கவாசகரின் அந்த இருபது பாட்டும் இறைவன் நீராடப் பொற்சுண்ணம் இடிக்கும் பெண்களின் உற்சாகப் பாட்டு. வளை குலுங்க, ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டு இடிக்கிறார்கள். அதைச் செத்தவீட்டில் வைத்த எங்கள் முன்னோர் ஏதோ தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள். நாங்கள் அதை ஒப்பாரி மெட்டில் இழுத்து, நேரத்தைப் பார்த்து நாலாவது பாட்டோடு நிறுத்திவிடுகிறோம்.

பிறகு உரைகள். பழைய மாணவர் சங்கத்தின் பிரதிநிதி எழும்பி, அன்னார் ஒழுக்கத்துக்கு இலக்கணமாகத் திகழ்ந்தவர் என்கிறார். வடக்கின் பெரும்போர் பார்க்க மதில் ஏறிக் குதித்து, 1904இல் தொடங்கிய அந்தக் கிரிக்கெட் ஆட்டத்தின் மரபைக் காப்பாற்றப் பாடசாலைக்கு மூன்று நாள் போகாத அன்னாரின் கதை அங்கே நிற்கும் எல்லாருக்கும் தெரியும். அதிகம் பேசாதவர் என்கிறார் அடுத்தவர். இந்த இடத்தில் பின்வரிசையில் யாருக்கோ இருமல் வரும். அது இருமல் அல்ல என்பதே எமது கண்டுபிடிப்பு.

உண்மை வெளிவருவது கடைசியாக, ஆங்கிலத்துக்கு ஒதுக்கிய மூன்று நிமிடத்தில். பேத்தி வந்து நின்று, அம்மப்பா தன்னை நடனவகுப்புக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லிவிட்டுப் பேர்லி வேயில் உள்ள ஐக்கியாவுக்குப் போய் ஐஸ்கிரீம் வாங்கித் தந்ததையும், அங்கே கட்டிலில் படுத்துப் பார்த்தவர் உண்மையாகவே நித்திரையாகிப் போனதையும், வீட்டில் கேட்டால் ஆடினோம் என்று சொல்லச் சொன்னதையும் சொல்கிறாள். அவள் பேச்சின் வேகம் முன்வரிசையில் உள்ள மூத்தவர்களுக்குப் பிடிபடாது. ஆனாலும் எங்கே சிரிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிகிறது. ஆளை அவர்களுக்குத் தெரியுமே.

வெள்ளைக்காரர் இந்த விஷயத்தில் எங்களைவிட முன்னேறியவர்களா என்று கேட்கலாம். 1989இல் மொன்ரி பைதன் குழுவின் கிரஹம் சப்மன் இறந்தபோது அவருடைய நண்பர் ஜோன் கிளீஸ் நினைவுக் கூட்டத்தில் ஒரு கெட்டவார்த்தையைச் சொல்லி, செத்தவர் அதைத்தான் விரும்பியிருப்பார் என்றார். அந்தக் குழு சிலுவையில் தொங்கிக்கொண்டே பாடும் படப்பாட்டு 2014இல் கோஒப் நிறுவனம் வெளியிட்ட மரணச்சடங்குப் பாடல் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. ஆனால் அவர்களுக்கும் தடைகள் உண்டு. இந்தியாவின் அஹமத்நகரில் 1918இல் பிறந்த ஸ்பைக் மில்லிகன், தனக்குச் சுகமில்லை என்று முன்பே சொன்னேனே என்று தன் கல்லறையில் எழுத விரும்பினார். தேவாலயத்தார் ஆங்கிலத்தில் சம்மதிக்கவில்லை. ஐரிஷ் மொழியில் எழுதித்தான் கல்லை நாட்டினார்கள். பகிடியைப் பக்கத்தில் நிற்பவருக்கு விளங்காத மொழியில் ஒளித்து வைப்பது உலகப் பொதுவழக்கு என்று பேத்தியின் சான்றோடு சேர்த்துக் கொள்ளலாம்.

எங்கள் பக்கத்தில் நினைக்கத்தக்கவர் 2018இல் சென்னையில் காலமான பாடகர் ஏ. ஈ. மனோகரன். கல்யாணத்திலும் சுற்றுலா பஸ்ஸிலும் அவர் பாட்டுக்கு ஆடாத இலங்கைத் தமிழர் குறைவு. அவருக்கு அஞ்சலி எழுதியவர்களிடம் ஒரு சங்கடம் தெரிந்தது. துக்கமாக எழுதத் தொடங்கிய விரல் பைலாத் தாளத்தைத் தட்டத் தொடங்கிவிடும்.

கார் நிறுத்துமிடக் கோட்பாடு

உரைகள் முடிந்து திரை மூடியதும் ஆண்கள் வெளியே வந்து கார்களுக்குப் பக்கத்தில் நிற்பார்கள். முதல் இரண்டு நிமிடம் ட்ராம் ஓட்டம், வாகனக் கட்டணம், முழங்கால். பிறகு யாரோ ஒருவர் தரையைப் பார்த்தபடி, "அந்தக் கப்பல் மாமா கதை தெரியுமோ?" என்பார். இதிலிருந்து வினைச்சொற்கள் தொடங்குகின்றன. ஒளித்தான், ஓடினான், பொய் சொன்னான், விழுந்தான், விழுந்த இடத்தில் இருந்தே பாடினான். அறிவித்தலில் கிடைக்காத வினைமுற்றுகள் அத்தனையும் இங்கே கொட்டுகின்றன. அன்னாருக்கு விகுதியும் மாறிவிடுகிறது. உள்ளே 'ஆர்', வெளியே 'ஆன்'. கூட்டம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைக்கிறது. உள்ளே அழாத இரண்டு பேர் இங்கேதான் அழுகிறார்கள்.

இதை விளக்க எங்கள் ஊர் 304 ஆட்டமே போதும். செத்தவீட்டில் முழிப்பிருக்க ஆடிய ஆட்டம்தான். முப்பத்திரண்டு தாள், நாலு பேர். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10. ராசாவுக்கு வெறும் 3. ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு சாதிக்கு 76 வரும், நாலு சாதிக்கு 304. மற்ற நாட்டுச் சீட்டுக்கட்டுகளில் கம்பீரமாக இருக்கும் ராசாவை வெறும் ஜாக்கும் ஒன்பதும் அடித்துத் தூக்கிப்போடும் ஆட்டம் இது. மரண அறிவித்தல் ராசாக்களுக்காக அமைந்தது: பொறியியலாளர், கணக்காளர், சமாதான நீதவான், அறங்காவலர். கார் நிறுத்துமிடம் 304 கணக்கில் எண்ணுகிறது. சமாதான நீதவான் செத்தால் அங்கே இரண்டு நிமிடத்துக்கு மேல் கதை ஓடாது. அன்னார் செத்தால் தகனசாலை ஊழியர் வந்து, அடுத்த குடும்பம் காத்திருக்கிறது, வாகனங்களை எடுங்கள் என்று சொல்லும் வரை ஓடும்.

இதற்கு எதிர்வாதம் உண்டு. கலகலப்பு என்பது வெளியே மட்டும், வீட்டில் அன்னார் வேறு ஆள், சிரிப்பின் கணக்கை மனைவி கட்டினாள் என்று ஈஸ்ட்ஹாம் பக்கத்து ஆய்வாளர் ஒருவர் வாதிடுகிறார். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஊருக்கெல்லாம் கடன் கொடுத்தவரின் சீட்டுக்காசை மாதாமாதம் கட்டியது யார், பின்வளவில் இருபது பேர் பாடும்போது அடுத்த நாள் வேலைக்கு வெள்ளனப் போக வேண்டியிருந்தது யார் என்று பார்த்தால் வாதம் வலுக்கிறது. 304இல் கேள்வி கேட்டு வென்றவர் துரும்பைக் கவிழ்த்து வைத்துவிடுவார். எதிரே இருக்கும் கூட்டாளி அது எந்தச் சாதி என்று தெரியாமலே ஒத்து விளையாட வேண்டும். நாற்பது வருடம் அப்படி விளையாடியவரை இந்த ஆய்வு இதுவரை கேட்கவேயில்லை என்பது உண்மை. அதற்குப் பரிகாரமாக, கீழ்வரும் திருத்திய மாதிரி அறிவித்தல் அன்னார் ஒருவரின் துணைவியாரிடம் ஒப்புதலுக்குக் கொடுக்கப்பட்டது.

"யாழ்ப்பாணத்தில் பிறந்து, லூனா ஹவுஸ் வாசலில் நின்று, குரோய்டனில் ஆடிப் பாடித் திரிந்தவர் போய்விட்டார். அன்னார், மதில் ஏறியவரும், பேத்திக்காகப் பொய் சொன்னவரும், மைக்கைத் திருப்பிக் கொடுக்காதவரும், 304இல் தோற்றாலும் வென்றதாகவே சொன்னவரும், வாங்கிய கடனை மறந்தும் கொடுத்த கடனை அதைவிட மறந்தும் வாழ்ந்தவரும், தென் லண்டன் முழுவதற்கும் கூழ் காய்ச்சியவரும் ஆவார். கிளாஸ் வெட்டப்படாத படம் இணைக்கப்பட்டுள்ளது."

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு, உதட்டை அசைத்து, இரண்டு தரம் வாசித்தார். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பேனையை வாங்கி ஓரிடத்தில் கோடு இழுத்தார்.

"எல்லாம் சரி தம்பி. பொய் ஒண்டுமில்லை. உந்தக் கூழை மட்டும் எடுங்கோ. ஒடியல் மா கரைச்சது நான், நண்டு உடைச்சது நான், பலாக்கொட்டை உரிச்சது நான். இவர் அகப்பையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு படம் எடுப்பிச்சவர்."